வரவும் வளர்ச்சியும்

இலக்கிய அன்பர்களின் தொகுப்பில் பங்குச் சந்தைக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். பொருளீட்டலையும் அறத்தோடு வைத்து எண்ணிய மரபு நம்முடையது. மேலும், முதியோரின் சேமிப்புகூடக் கைப்பேசி வழியே கடல்கடந்து அமெரிக்கச் சந்தையைச் சென்றடையும் காலம் இது. ஆதலின், வரவு வேறு, வளர்ச்சி வேறு என்பதை ஆராய்வது நமக்கும் உரிய பணியே.

என் நண்பர் ஒருவர் தோட்டத்துக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமநிதியில் சேர்ந்த தொகையைக் கொண்டு, பிள்ளைகளிடம் கைநீட்டாமல் வாழவேண்டும் என்பது அவர் விருப்பம். டெஸ்லா நிறுவனத்தின் பங்கை வாங்குவதா, அப்பங்கை அடிப்படையாகக் கொண்ட வருமான நிதியத்தை வாங்குவதா என்று என்னிடம் கேட்டார். "நிதியம் தவணை தவறாமல் காசு கொடுக்கிறது, வாத்தியாரையா. டெஸ்லா இதுவரை ஒரு காசாவது இலாப ஈவு கொடுத்ததுண்டா?" என்றார். அவர் கூற்று உண்மைதான். டெஸ்லா தன் பங்குதாரர்க்கு ரொக்க ஈவு வழங்கியதில்லை.

அவர் குறிப்பிட்ட நிதியம், யீல்ட்மேக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த டிஎஸ்எல்ஒய். 2022 நவம்பரில் தொடங்கப்பட்டது. அது டெஸ்லா பங்கை நேரே வாங்கி வைப்பதில்லை. அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களைப் பிணையாக வைத்துக்கொண்டு, 'ஆப்ஷன்' எனப்படும் ஒப்பந்தங்கள் வாயிலாக, பங்கை வைத்திருப்பதற்கு ஒப்பான நிலையை உண்டாக்கிக்கொள்கிறது. பின்னர், ஒரு குறிப்பிட்ட விலைக்குமேல் பங்கு ஏறினால் கிடைக்கக்கூடிய ஆதாயத்தைப் பிறருக்கு விற்றுவிடுகிறது. அவ்விற்பனையால் வரும் பணமே ஈவுக்கு முதன்மையான ஊற்று.

நம் நாட்டு டுரியான் தோப்பைக் கொண்டு இதனை விளக்கலாம். காய்ப்பதற்கு முன்பே பருவத்து விளைச்சலைக் குத்தகைக்கு விட்டவருக்குப் பணம் உடனே கிடைக்கிறது. விளைச்சல் பெருகி விலையும் உயர்ந்தால், அந்தப் பேறு குத்தகைக்காரருக்கு. புயலில் மரம் சாய்ந்தாலோ, இழப்பு தோப்புக்காரருக்கு. நிதியத்தின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஏற்றத்தின் பெரும்பகுதியை விற்றுவிட்டது, இறக்கத்தை விற்கவில்லை.

எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். பங்கின் விலை 100 டாலர். நிதியத்தின் அலகும் 100 டாலர். 105க்கு மேற்பட்ட ஏற்றத்தை 3 டாலருக்கு விற்று, அதனை ஈவாக வழங்குகிறது. அம்மாதம் பங்கு 80க்கு வீழ்கிறது. அலகும் 80 ஆகிறது. அடுத்த மாதம் 84க்கு மேற்பட்ட ஏற்றத்தை 2.40 டாலருக்கு விற்கிறது. பங்கோ மீண்டும் 100ஐத் தொடுகிறது. பங்கை வைத்திருந்தவர் பழைய நிலையை அடைந்துவிட்டார். நிதியத்தை வாங்கியவரிடம் அலகு 84, ஈவு 5.40, ஆக 89.40 டாலரே உள்ளது. பங்கு வீடு திரும்பிவிட்டது. நிதியம் பாதி வழியில் நின்றுவிட்டது.

நடந்ததும் இதற்கு மாறானதன்று. 2023ஆம் ஆண்டில் டெஸ்லா பங்கு ஏறத்தாழ 123 டாலரிலிருந்து 248 டாலருக்கு உயர்ந்தது. நிதியம் வழங்கிய ஈவுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் அந்த ஏற்றத்தை அது எட்டவில்லை. அலகின் விலை தேய்ந்தமையால், 2024 பிப்ரவரியில் இரண்டு அலகுகளை ஒன்றாக்கினர்.

நிதியத்தின் பக்கமும் நியாயம் உண்டு. பங்கின் விலை அசையாது நிற்கும் காலத்தில், பங்குதாரர்க்கு ஒன்றுமில்லை. நிதியத்தாருக்கு ஈவு உண்டு. சிறிதே இறங்கும் காலத்திலும் அந்த ஈவு இழப்பின் வலியைத் தணிக்கும். ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கும் இடரோ இரண்டுக்கும் பொது. ஆயினும் மலேசியர்க்கும் சிங்கப்பூரர்க்கும் மற்றொரு சுமையும் உண்டு. அமெரிக்க இலாப ஈவுக்கு 30 விழுக்காட்டு வரி முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது. அதனைக் குறைக்கும் வரி உடன்பாடு இவ்விரு நாடுகளுக்கும் இல்லை. ஈவின் ஒரு பகுதி சில வேளைகளில் நம் முதலே திரும்பி வருவதாகவும் இருக்கும்.

இவற்றையெல்லாம் தாளில் எழுதிக் காட்டினேன். நண்பர் நெடுநேரம் அத்தாளை நோக்கியிருந்தார். "அப்படியானால், மாதச் செலவுக்கான பணத்தை இரண்டிலுமே வைக்கலாகாது" என்றார். நான் சொல்ல எண்ணியதை அவரே சொல்லிவிட்டார்.

பெறப்போகும் ஆக்கத்தைக் கருதிக் கையிலுள்ள முதலை இழக்கத்தக்க வினையில் அறிவுடையோர் இறங்கார் என்பது, தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் தரும் எச்சரிக்கை. கைக்கு வரும் காசைக் கண்டு மகிழ்வது இயல்பு. அது விளைச்சலிலிருந்து வந்ததா, விதைநெல்லிலிருந்து வந்ததா என்று கேட்பதே அறிவு. கணக்குப் பாடத்தோடு இக்கேள்வியையும் நம் மாணவர்க்குக் கற்பிப்போமாக.