ஆற்றலும் இலக்கமும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பழமொழி. இளையோரை மதிப்பிடப் புகுவோர் பலரும் இதனையே முதற் சான்றாக எடுத்துரைப்பர். முளையைக் கண்டு விளைவைச் சொல்லும் இக்கலை எவ்வளவு நம்பத்தக்கது? அதனை ஆராய்வதற்கு எதிர்பாராத களமொன்று உண்டு. கற்பனையாக நடத்தப்படும் பேஸ்போல் சுற்றுப்போட்டியே அக்களம்.

மூங்கிற் கம்பாற் பந்தை அடித்து, நிலைகளைச் சுற்றி ஓடிவரும் எல்லே ஆட்டத்தை அறிந்த இலங்கையருக்குப் பேஸ்போலின் அடிப்படை எளிதில் விளங்கும். கற்பனைப் போட்டி என்பதும் அவர்களுக்குப் புதிதன்று. வகுப்பறையின் பின்வாங்கில் பாடநூலை விரித்து, பக்க எண்ணின் ஈற்றிலக்கத்தை ஓட்டங்களாகக் கொண்டு, சுழியம் வந்தால் ஆட்டமிழப்பு என்று எழுதிவைக்கும் புத்தகக் கிரிக்கெட் அவ்வகையினதே. அமெரிக்காவில் 1961ஆம் ஆண்டு ஹால் ரிச்மன் என்பவர், ஒவ்வொரு வீரனுக்கும் ஓர் அட்டை, அவன் செயலைத் தீர்மானிக்கத் தாயக்கட்டைகள் என்ற முறையில் 'ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக்' என்னும் விளையாட்டை வெளியிட்டார். இன்று அப்பணியைக் கணினி செய்கிறது. ஆடுபவர் ஓர் அணியின் பொறுப்பாளராகிறார். பதினெட்டு வயதுத் துடுப்பாட்டக்காரரைத் தெரிந்தெடுக்கிறார். ஒரு மாலைப் பொழுதிற்குள் பல பருவங்கள் கடந்துபோக, அவ்விளைஞர் வளர்வதையும் தளர்வதையும் ஓய்வு பெறுவதையும் காண்கிறார்.

இத்தகைய கணினி ஆட்டங்களில் இளந்துடுப்பாட்டக்காரருக்கு இருவகை மதிப்பெண்கள் இடப்படுவதுண்டு. ஒன்று இன்றைய திறன். மற்றையது நாளை எட்டக்கூடிய எல்லை. உண்மை ஆட்டத்தில் வீரரைத் தேடி ஊர் ஊராகச் செல்வோர் 20 முதல் 80 வரையான அளவுகோலைப் பயன்படுத்துவர். அதில் 50 என்பது சராசரி. பந்தைத் தவறவிடாது தொடும் திறன், அதனைத் தொலைவிற்கு அனுப்பும் வலிமை, அடிக்கத் தகாத பந்தை விட்டுவிடும் பொறுமை என்பன தனித்தனியே நோக்கப்படும். இவற்றோடு வயதும் கணக்கில் எடுக்கப்படும். துடுப்பாட்டக்காரரின் உச்சப் பருவம் ஏறத்தாழ 27 வயது என்பதைப் புள்ளிவிபர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் 1980களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். ஆகவே இருவர் ஒரே பெறுபேற்றைக் காட்டினால், அவருள் இளையவரே மேலாகக் கருதப்படுவார். அவருக்கு வளர்வதற்குக் காலம் மிகுதியாக உண்டு.

இதுவரை குறை காண்பதற்கு இடமில்லை. சிக்கல் இதற்கு அப்பாலே தொடங்குகிறது. கற்பனைப் போட்டியில் வீரனின் எதிர்கால ஆற்றல், நிரலின் ஏதோ ஒரு மூலையில் இலக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. காயமோ தற்செயலோ அதனைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆயினும் எந்த நேரத்திலும் அது இவ்வளவு என்று சொல்ல முடியும். மனிதருள் அத்தகைய இலக்கம் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. மதிப்பிடுவோர் எழுதும் இலக்கம் அவர்தம் கருத்தேயன்றி, மதிப்பிடப்படுவோரின் உடைமையன்று.

வரலாறு இதற்குச் சான்று பகரும். 1966ஆம் ஆண்டு அமெரிக்கப் பேஸ்போல் தெரிவில் முதலாமவராக எடுக்கப்பட்டவர் ஸ்டீவ் சில்கொட். தோளிற் காயமுற்ற அவர் உயர்நிலைப் போட்டியொன்றிலேனும் ஆடவில்லை. இரண்டாமவராக எடுக்கப்பட்ட ரெஜி ஜாக்சன் 563 ஹோம் ரன்கள் அடித்து, ஆட்ட வரலாற்றிற் பெயர் பெற்றார். 1988இல் 1,390ஆவது இடத்தில், தந்தையின் நண்பருக்காகக் காட்டப்பட்ட சலுகை போல எடுக்கப்பட்டவர் மைக் பியாசா. அவரே 2016இல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். பியாசாவிடம் ஆற்றல் இருந்தது உண்மை. ஆனால் அந்தச் சலுகை இல்லையேல் அதனை உலகு கண்டிருக்குமா? இலங்கையிலும் இதற்கு ஒப்பானதைக் காணலாம். மாத்தறையிலிருந்து வந்த சனத் ஜயசூரிய 1989இல் சர்வதேசக் கிரிக்கெட்டில் நுழைந்தபோது, பந்துவீச்சும் பின்வரிசைத் துடுப்பாட்டமுமே அவர் பங்காக இருந்தன. தொடக்க வீரராகும் வாய்ப்பு பின்னரே கிட்டியது. 1996 உலகக் கிண்ணத் தொடரின் நாயகனாக அவர் தெரிவானார். ஆற்றல் முன்னரே இருந்தது என்று பின்னர் சொல்லுதல் எளிது. இடம் கொடுத்த பிறகே அது கண்ணுக்குப் புலனாயிற்று.

மட்டக்களப்பு வாவியின் கரைகளில் இவ்வுண்மை இன்னும் கூர்மையாக விளங்கும். அமெரிக்க ஆட்டமொன்று இம்மண்ணில் வேரூன்றிய கதையே அதற்கு முதற் சான்று. லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த இயேசுசபைத் துறவி யூஜின் ஹீபர்ட் அடிகளார், புனித மிக்கேல் கல்லூரியிற் கூடைப்பந்தாட்டத்தைப் பயிற்றி வளர்த்தார். சிறுவரின் தரத்தை ஒருநாள் வந்து குறித்துக்கொண்டு போனவரல்லர் அவர். ஆண்டுக்கணக்காக உடனிருந்து பயிற்றியவர். 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவர் காணாமற் போனார். கற்பனைப் போட்டியிற் பயிற்றுநர் பதவி நீக்கப்படலாம்; ஓய்வு பெறலாம். வழியிற் காணாமற் போவதில்லை. போர் ஓய்ந்த பின்னர் தொடர்வதற்காக ஒரு பருவம் அங்கே காத்துக் கிடப்பதுமில்லை. இம்மாவட்டத்தில் ஒரு தலைமுறையின் பதினெட்டு வயதும் இருபத்தேழு வயதும் அவ்வாறான காலத்திலேயே கழிந்தன.

போரற்ற நாளிலும் வாவி குறுக்கே கிடந்தது. எழுவான்கரையில் நகரும் பெரிய கல்லூரிகளும்; படுவான்கரையில் வயல்களும் சிற்றூர்களும். மண்முனைப் பாலம் 2014ஆம் ஆண்டு திறக்கப்படும் வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் அத்துறையைப் படகிலேயே கடந்தனர். ஈழத்து வழக்கில் ஆட்டக்காரன் கைக்கோலுக்கும் தோணிக்காரன் கைக்கோலுக்கும் துடுப்பு என்பதே பெயர். அக்கரை இளைஞனுக்கு முதலாவது துடுப்பைப் பிடிக்க இரண்டாவது துடுப்பின் உதவி வேண்டியிருந்தது. மாலைப் பயிற்சிக்கு நின்றால் இருட்டுமுன் துறை சேர முடியுமா என்பது அவன் கணக்கு. மதிப்பெண் அட்டையில் இக்கணக்கிற்கு நிரல் இல்லை.

இது விளையாட்டோடு நிற்கும் செய்தியன்று. 2001ஆம் ஆண்டு முதல் இலங்கையிற் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின்படி நிகழ்கிறது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளி, அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை அது அளக்கிறது. அவ்வளவில் அது நேர்மையான அளவை. பல துறைகளில் மாவட்ட ஒதுக்கீடும், மட்டக்களப்பு உட்படப் பின்தங்கிய மாவட்டங்களுக்குத் தனி ஒதுக்கீடும் வைக்கப்பட்டமை, புள்ளிக்குப் பின்னால் நிலமும் உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டமையாகும். ஆயினும் வீடுகளிலும் வீதிகளிலும் அப்புள்ளி வேறு பொருள் பெற்றுவிடுகிறது. கடந்த பரீட்சை ஒன்றின் அளவையாக இருந்தது, இனி வரும் வாழ்வு முழுமையின் எல்லையாக எண்ணப்படுகிறது. பத்தொன்பது வயதினர் பலர் தம்மைத் தாமே அவ்விலக்கத்தால் அழைக்கத் தொடங்குவது எத்துணைக் கொடுமை!

அங்ஙனமாயின் மதிப்பீடே வேண்டாமா எனின், அதுவும் பொருந்தாது. அணியில் இடம் சில. பல்கலைக்கழகத்திலும் இடம் சில. தெரிந்தெடுத்தல் தவிர்க்க முடியாதது; அதற்கு அளவுகோலும் தேவையே. தெரிவுக்கு உதவும் இலக்கம் தீர்ப்பாக மாறுவதே தவறு. எடுக்கப்பட்டவருக்கு அது போதுமென்ற மயக்கத்தையும், விடப்பட்டவருக்கு எல்லாம் முடிந்ததென்ற தளர்ச்சியையும் தருகிறது. இரண்டும் பொய்.

படுவான்கரை விவசாயி முளையைப் பார்க்காதவனல்லன். விதையின் தரத்தையும் நாற்றின் நிறத்தையும் அவன் நன்கறிவான். ஆயினும் முளை நன்றென்று கண்டபின் அவன் வீட்டில் உறங்கிவிடுவதில்லை. மாரி வெள்ளம் வயலை மூடும்போது, முகத்துவாரத்தை வெட்டி நீரைக் கடலுக்கு விடும்படி கேட்கிறான். கோடையில் வாய்க்கால் நீருக்காகக் காவலிருக்கிறான். பழமொழியை உண்மையாக்குவது அவன் உழைப்பே. இளைஞர் ஒருவரின் எல்லை எவ்வளவு என்று கேட்பவர், அந்த எல்லைக்குச் செல்லும் வழியில் பாலம் உண்டா, பயிற்றுநர் உண்டா, ஆடுவதற்கு இன்னொரு பருவம் உண்டா என்பதையும் சேர்த்தே கேட்டல் வேண்டும். அக்கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவர் அந்த இளைஞர் அல்லர்.