கொடுக்காத கடன்

2008 மே மாதம் கோவையில் எம்பிஏ முடித்தபோது, சென்னையில் இருந்த பங்குத் தரகு நிறுவனம் ஒன்றின் வேலைக் கடிதம் என் கையில் இருந்தது. ஜூலையில் சேரச் சொன்னார்கள். பிறகு செப்டம்பர் என்றார்கள். செப்டம்பர் 15ஆம் தேதி அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. அக்டோபர் 24 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் இறங்கியது. அடுத்த வாரம் கூரியரில் எனக்கும் ஒரு கடுதாசி வந்தது. நான்கே வரி. ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சந்தையை ஆராய என்னை எடுத்திருந்தார்கள். 8,000த்துக்கு வந்துவிட்ட சந்தையில் ஆராய என்ன இருக்கிறது?

அப்பா மளிகை மண்டியில் கணக்கு எழுதியவர். “குடுக்கிற ஆளுக்கு வேலை போனா, வசூல் பண்ற ஆளுக்கு வேலை வரும். பொறு” என்றார். டிசம்பரில் ஒரு தனியார் வங்கியின் திருப்பூர்க் கிளையில், சிறுதொழில் கடன் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். விசிட்டிங் கார்டில் கிரெடிட் ஆபீசர். உண்மையில் தவணை தவறிய பனியன் கம்பெனிகளுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிற வேலை.

அப்போதைய திருப்பூரை எந்தப் பாடப்புத்தகத்தை வைத்தும் விளங்கிக்கொள்ள முடியாது. 2008 தொடக்கத்தில் 39 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டாலர், ஆண்டுக் கடைசியில் 50ஐத் தொட்டுவிட்டது. ஏற்றுமதியாளர் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் ரூபாய் இன்னும் வலுக்கும் என்று பயந்து, அந்நியச் செலாவணி டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் பலர் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சுவிஸ் பிராங்க், யென் என்று தங்கள் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத நாணயங்களில்கூட. பனியன் விற்று வந்த லாபம் அந்தப் பக்கம் போனது. வெளிநாட்டு பையர்களோ ஆர்டரைக் குறைத்தார்கள், பணத்தைத் தள்ளிப்போட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் பெரிய ஆட்கள். அவர்களுக்குத் தைத்துக் கொடுத்த சின்ன ஆட்களுக்குத்தான் பில் பணம் வராமல் நின்றது.

என் மேலாளர் ஐம்பதைத் தாண்டியவர். அரசு வங்கியில் இருபது வருடம் குப்பை கொட்டிவிட்டு வந்தவர். முதல் விசிட்டில், கம்பெனிக்காரர் நீட்டிய லெட்ஜரை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் நேராக மீட்டர் பெட்டிப் பக்கம் போனார். இபி கார்டை எடுத்து ஆறு மாத ரீடிங்கைக் குறித்துக்கொண்டார். மெஷின் ஓடினால் யூனிட் ஏறும். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது என்று முதலாளி சொல்வது மெய்யா என்று அங்கே தெரிந்துவிடும்.

மறுவாரம் நான் தனியாகப் போனேன். யூனிட் பாதியாகக் குறைந்திருந்ததைப் பார்த்து, ‘உற்பத்தி முடங்கிவிட்டது’ என்று அறிக்கை எழுதினேன். அவர் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். “டீசல் பில் பாத்தியாப்பா?” தமிழ்நாடே மின்வெட்டில் இருந்த காலம் அது. அந்த ஆள் ஜெனரேட்டரில் ஓட்டிக்கொண்டிருந்தார். நஷ்டத்தில் ஓட்டினாரா என்பது வேறு விஷயம். ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்.

டிபி என்று எங்களுக்குள் சொல்கிற டிராயிங் பவர் கணக்கையும் மேலாளரிடம்தான் கற்றேன். மாதாமாதம் வரும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் சரக்கு 80 லட்சம், நூல்காரருக்கும் டையிங்காரருக்கும் கொடுக்க வேண்டியது 40 லட்சம், வரவேண்டிய பில் 1 கோடியே 20 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்க வேண்டியதைக் கழித்து, 25 சதவீதம் மார்ஜினும் பிடித்தால், 1 கோடியே 20 லட்சம் வரை கம்பெனிக்காரர் எடுக்கலாம். ஆனால் அந்தப் பில்களில் 70 லட்சம் 90 நாளைத் தாண்டியது என்றால் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. எடுக்கக்கூடியது 67 லட்சத்து 50 ஆயிரமாகச் சுருங்கிவிடும். அவர் ஏற்கெனவே 1 கோடி எடுத்திருப்பார். எதையும் திருடவில்லை, ஏமாற்றவில்லை. பையர் மூன்று மாதம் இழுத்தடித்ததற்கு இவர் எங்கள் புத்தகத்தில் குற்றவாளி.

அந்த 80 லட்சம் சரக்கும் 80 லட்சம் இல்லை. வெளிநாட்டு லேபிள் தைத்த டீ-சர்ட்டை பையர் வேண்டாம் என்றுவிட்டால் அது போகிற இடம் திருப்பூரின் மிச்சச் சரக்குச் சந்தையான காதர்பேட்டை. அங்கே அதற்குக் கிடைக்கும் விலையை ஒருநாள் நின்று கேட்டுவிட்டு வா என்று மேலாளர் அனுப்பினார். கேட்டுவிட்டு வந்த இரவு சரியாகத் தூங்கவில்லை.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளியே வந்தது. வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,000 கோடிக்கு மேல் இல்லவே இல்லை. எங்கள் கிளையில் அதன்பின் எந்த வங்கிச் சான்றையும் வாடிக்கையாளர் கையால் வாங்குவதில்லை. நேரடியாக எழுதிக் கேட்டு வாங்கினோம். ஒரு துண்டுக் காகிதத்தையும் நம்பாதவனாக நான் தயாராகிக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. 2005, 2006இல் சேர்ந்த சீனியர்கள் சகட்டுமேனிக்குக் கொடுத்த கடன்களை நாங்கள்தான் துடைத்துக்கொண்டிருந்தோம். மந்தத்தில் பிறந்தவர்கள் விவரமானவர்கள் என்று எங்கள் செட்டில் ஒரு பேச்சு.

அந்தப் பேச்சை நான் இப்போது ஒப்புக்கொள்வதில்லை.

2009 மே மாதம், 15 வேலம்பாளையம் என்ற ஊரில் 24 மெஷின் வைத்துத் தைத்துக்கொண்டிருந்த ஒருவர் வந்தார். புதிதாக ஒரு ஐரோப்பிய ஆர்டர், நூல் வாங்கவும் வாரக்கூலிக்கும் 6 லட்சம் வேண்டும் என்றார். இடையில் அவர் கணக்கு 78 நாள் நிலுவையில் போய், 90 ஆகி வாராக்கடன் ஆவதற்குள் எப்படியோ கட்டி மீண்டிருந்தது. அடமானம் வைக்க நிலம் இல்லை. அந்த நேரத்தில் ரிசர்வ் வங்கி, கொடுங்கள் கொடுங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. 9 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் ஏப்ரலில் 4.75க்கு வந்திருந்தது. சிறுதொழிலின் பிணையில்லாக் கடனுக்கு உத்தரவாதம் தரும் அரசுத் திட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அந்தத் திட்டத்தின் கோப்பை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. இபி கார்டைப் பார்த்தேன், டீசல் பில்லைப் பார்த்தேன், மெஷின் ஓடுவதையும் பார்த்தேன். பார்த்த பிறகும் நான்கு வரியில் மறுத்து எழுதினேன். மேலாளரும் கையெழுத்துப் போட்டார்.

மறுப்பைச் சொல்லப் போனபோது அந்தக் கம்பெனிக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். “பரவாயில்லைங்க தம்பி, உங்க மேல தப்பு சொல்ல முடியாதுங்க” என்றார். தீபாவளிக்குள் மெஷின்களை விற்றுவிட்டார். அந்த ஆர்டரை எடுத்தது இரண்டு தெரு தள்ளி இருந்த இன்னொருவர். மச்சானிடம் கைமாற்று வாங்கித் தைத்து அனுப்பினார். பணமும் நாள் தவறாமல் வந்தது. எனக்கு இது தெரிந்ததே அவர் எங்கள் வங்கியில் கணக்குத் தொடங்க வந்தபோதுதான்.

எந்த ஆடிட்டரும் அதைப் பற்றி என்னைக் கேட்கவில்லை. கொடுத்த கடன் வராவிட்டால் விளக்கம் கேட்பார்கள், மெமோ வரும், பதவி உயர்வு நிற்கும். கொடுக்காமல் விட்ட கடனுக்கு மெமோ கிடையாது. மந்தத்தில் இந்தத் தொழிலுக்கு வருகிறவனுக்கு, மறுத்தால் ஒன்றும் ஆகாது என்பது முதல் வருடத்திலேயே பழகிவிடுகிறது. பணம் எப்படிப் போகும் என்பதில் தேறிவிடுகிறான். எப்படித் திரும்பி வரும் என்பதைப் பார்க்க அவனுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. எனக்கு அது விளங்க நான்கைந்து வருடம் ஆனது. அதற்குள் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேன் என்று கணக்கு இல்லை.

2020இல் கொரோனா வந்தபோது என்னிடம் இரண்டு புதுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அரசின் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் மே மாதம் அறிவிக்கப்பட்டது: பிப்ரவரி 29 அன்று இருந்த நிலுவையில் 20 சதவீதம் கூடுதல் கடன், முழு உத்தரவாதத்துடன். அப்படியும் இவர்கள் கை நடுங்கியது. வீடியோ காலில் பார்த்து, ‘உற்பத்தி முடங்கிவிட்டது’ என்று எழுதினார்கள். வார்த்தை மாறாமல் என் பழைய வரி. போக அனுமதி கிடைத்ததும் இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மீட்டர் பெட்டியை ஒருமுறைதான் காட்டினேன். செக்கிங் டேபிளில் இருந்த அம்மாவிடம் பேசவிட்டு அரை மணி நேரம் வெளியே நின்றேன். அடுத்த மாதத்துக்கு எத்தனை பீஸ் என்பது முதலாளிக்கு முன்பே அந்த அம்மாவுக்குத் தெரியும்.

2013லிருந்து நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மறுத்த விண்ணப்பங்கள் மட்டும் அதில். தொகை, தேதி, காரணம். முதல் வரியில் ஞாபகத்திலிருந்து எழுதியது 15 வேலம்பாளையத்து 6 லட்சம். வருடக் கணக்கு முடிந்து ஏப்ரல் பிறந்ததும் அந்த முகவரிகளுக்கு ஒரு சுற்றுப் போய் வருவேன். உள்ளே போவதில்லை, ரோட்டில் நின்று மெஷின் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பதோடு சரி. பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.