முதற் கோணலும் முழு ஆட்டமும்

"முதற் கோணல் முற்றுங் கோணல்" என்பது நம் நாட்டார் நாவில் நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. சுவர் எடுக்கும் கொத்தனுக்கும் கோலமிடும் பெண்ணுக்கும் இஃது உண்மையே. ஆனால், உதைபந்தாட்டத்திற்கும் இது பொருந்துமோ? ஆட்டந் தொடங்கிய சில நிமிஷங்களில் ஒருவன் செய்யும் பிழை, எஞ்சிய ஆட்டத்தின் முடிவையும் அப்போதே எழுதி வைத்துவிடுமோ? பொருந்தும் என்றே யாமும் பன்னாள் நம்பியிருந்தோம். அந்நம்பிக்கையால் ஒரு நண்பரின் மனத்தையும் வருத்தினோம். பின்னர் எம் கருத்து மாறிய வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கல்லூரியை விட்டு நீங்கியபின் எம்மிற் சிலர்க்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அலுவல் கிடைத்தது. இராமாநுசர் பிறந்த தலமென்று முன்னோர் போற்றிய ஸ்ரீபெரும்புதூரை இக்காலத்தார் மோட்டார் வண்டிகளின் ஊரென்றே அறிவர். 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வண்டிகள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. நெற்கழனிகளாக இருந்த வெளிகளில் இன்று இரவும் பகலும் ஷிப்டு மாறுகின்றது. பல மாநிலத்து இளைஞரும் ஓரறையில் நால்வர் ஐவராகத் தங்கி உழைக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், வற்றிய ஏரிப் படுகை ஒன்றில் மூங்கிற் கழிகளை நட்டுக் கோலாக்கி, அவர்களோடு பந்தாடுவது எமது வழக்கமாயிற்று.

அங்ஙனம் ஒருநாள் வடகிழக்கு மாநிலத்து இளைஞர் அணியோடு ஆடினோம். எம் கோல்கீப்பர் எம்மினும் இளையவர். ஒரு தொழிற்சாலையிற் பயிற்சித் தொழிலாளி. ஆட்டந் தொடங்கி நான்காம் நிமிஷத்தில், எளிதாக உருண்டு வந்த பந்தொன்று அவர் கையிலிருந்து வழுவிக் கால்களின் ஊடே சென்று கோலாயிற்று. இறுதியில் நான்கு கோல்களால் தோற்றோம். அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் எம் பேச்சு ஒன்றே: "அந்த முதற்கோல் விழாதிருப்பின் இந்தக் கதி நேர்ந்திராது." அவர் ஒன்றும் பேசாது பின்னே நடந்து வந்தார். அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் ஆட வரவில்லை.

நிற்க. முதலிற் கோல் அடித்த அணியே பெரும்பாலும் வெல்கின்றது என்பது உண்மை. அதற்குத் தக்க காரணமும் உண்டு. கூடைப்பந்தில் ஒரு பிழையால் இழப்பது பல பத்துப் புள்ளிகளில் இரண்டு மூன்றே. உதைபந்தாட்டத்திலோ முழு ஆட்டத்திற்கும் இரண்டு மூன்று கோல்களே விழுதல் இயல்பு. ஆகவே ஒரு கோலின் கனம் பெரிது. எனினும், முதற்கோலை அடிப்பது பெரும்பாலும் வலிய அணியே அன்றோ? அவ்வணி வென்றது முதற்கோலினாலா, தன் வலிமையினாலா என்று பிரித்தறிதல் எளிதன்று. வெற்றிக்கு முன் நிகழ்ந்தவை யாவும் வெற்றிக்குக் காரணமாகிவிடா.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2019-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள், கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் போட்டியின் கடைசி ஆட்டத்தை மினர்வா பஞ்சாப் அணியோடு ஆடிற்று. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி பட்டத்திற்கு மிக அருகில் நின்றது. அதே வேளையில் அவ்வணி கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. இத்தகைய நாளில், மூன்றாம் நிமிஷத்திலேயே சென்னை அணியின் கோலுக்குட் பந்து புகுந்தது. முதற் கோணல் முற்றுங் கோணலாயின் அன்றே பட்டம் கைநழுவியிருக்கவேண்டும். நடந்ததோ வேறு. இடைவேளைக்குப் பின் பெத்ரோ மான்சி ஒரு பெனால்ட்டி உதையாற் சமன் செய்தார். காவல் வரிசையில் ஆடுபவராகிய கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலினும் ஒரே ஒரு புள்ளி மிகுதியாகப் பெற்று, ஐ-லீக் பட்டத்தை வென்ற முதல் தமிழ்நாட்டு அணியாயிற்று. அதற்கு முந்திய ஆண்டும், 2018 மார்ச்சு 17-இல் பெங்களூரில் நடந்த ஐ.எஸ்.எல். இறுதியாட்டத்தில், ஒன்பதாம் நிமிஷத்திற் சுனில் சேத்ரியிடம் கோல் வாங்கிய சென்னையின் அணி 3-2 என்று வென்றது.

கடல் கடந்த நாட்டிலும் இங்ஙனமே. 1954-இல் பெர்ன் நகரத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஹங்கேரி அணி எட்டு நிமிஷங்களுக்குள் இரண்டு கோல்கள் அடித்தது. அவற்றுள் இரண்டாவது, ஜெர்மானியக் காவலரும் கோல்கீப்பரும் ஒருவரையொருவர் உணராது தடுமாறியதன் பயன். ஆயினும் பத்தாம் நிமிஷத்தில் ஒன்றும் பதினெட்டாம் நிமிஷத்தில் ஒன்றும் மீட்டு, முடிவில் 3-2 என்று ஜெர்மானியரே வென்றனர். இதற்கு மாறாக, 2014-இல் பெலோ ஹொரிஸான்தே நகரத்தில் பிரேசில் அணியைக் காண்க. ஒரு கார்னர் உதையில் எதிரியைத் தனியே விட்ட பிழையால் பதினோராம் நிமிஷத்தில் முதற்கோல் வீழ்ந்தது. ஆனால் அவ்வணியை அழித்தது அஃதன்று. 23-ஆம் நிமிஷம் முதல் 29-ஆம் நிமிஷம் வரை வீழ்ந்த நான்கு கோல்களே. இடங்காப்போர் இடத்தை விட்டனர். யாவரும் ஒருங்கே கலங்கினர். ஆட்டம் 1-7 என்று முடிந்தது.

இவற்றை எண்ணியபோது எம் ஏரிப் படுகை ஆட்டமும் நினைவிற்கு வந்தது. இரண்டாங் கோல் எப்படி விழுந்தது? காவலில் நிற்கவேண்டிய எம்மில் இருவர், இழந்ததை உடனே மீட்க விரும்பி முன்னே ஓடியிருந்தோம். மூன்றாவது? நடுக்களத்தில் நின்று ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தோம். நான்காவது விழுந்தபோது எம்மிற் பாதிப்பேர் நடந்துகொண்டிருந்தோம். அவர் செய்த பிழை ஒன்று. யாம் செய்தவை மூன்று. ஆயினும் குற்றவாளியாக நின்றவர் அவர் ஒருவரே.

அன்றிரவே அவர் தங்கியிருந்த அறைக்குச் சென்றோம். இரவு ஷிப்டுக்குப் புறப்பட்டுக் கொண்டிருந்தவர் எம்மைக் கண்டதும் பாய் விரித்து அமரச் செய்தார். எம் பிழையைச் சொன்னோம். சற்று நேரம் வாளாவிருந்து, பின் மெல்லக் கூறினார்: "அண்ணா, எங்கள் லைனில் ஒரு போல்ட் கோணலாக ஏறிவிட்டால் மறைக்கக் கூடாது என்பதே எங்களுக்குக் கற்பிக்கும் முதற்பாடம். கயிற்றை இழுத்தால் விளக்கு எரியும். பக்கத்தில் இருப்பவர் ஓடி வருவார். அங்கேயே சரி செய்தால் நிமிஷ வேலை. அடுத்த இடத்திற்குப் போகவிட்டால், வண்டி முழுவதையும் பிரிக்க நேரும். அன்றைக்கு நான் பந்தை எடுக்கத் திரும்பியபோது, யாராவது வருவீர்கள் என்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை." இதற்கு மறுமொழி கூற எம்மிடம் ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். அதே அணியோடு ஆடினோம். முதற் பத்து நிமிஷத்திற்குள்ளேயே மீண்டும் ஒரு கோல் விழுந்தது. இம்முறை பிழை எம் காவல் வரிசையுடையது. இருவர் ஓடிச்சென்று கோலுக்குள்ளிருந்த பந்தை எடுத்து வந்தோம். ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை. இடைவேளைக்குப் பின் ஒரு கோல் அடித்தோம். முடிவில் 1-2 என்று தோற்றோம். அவர்கள் எம்மினும் நன்றாக ஆடினர், அதுவே காரணம். இருட்டிய பின்னும் ஏரிக்கரையில் அமர்ந்து, எம் கோல்கீப்பர் தடுத்த பந்துகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பேசிக்கொண்டிருந்தோம்.

எனவே, முதற்பிழை ஒரு சுமை, அது தீர்ப்பன்று. அச்சுமையை அவன் ஒருவன் தலைமேலே விட்டுவிடுவோமாயின் அவனும் வீழ்வான், ஆட்டமும் வீழும். பதினொருவரும் தோள் கொடுப்பின், சில வேளை கோயம்புத்தூரிற் போல வெற்றியும் வரும். வாராவிடினும் நண்பன் எஞ்சுவான். இப்போது கல்லூரி மைதானத்தில் ஆடும் எம் இளைய சகோதரர்க்கு யாம் சொல்லக்கூடியது இவ்வளவே: உங்கள் கோலுக்குட் பந்து புகும்போது, முதலில் ஓடிச்சென்று அதனை எடுத்துக் கொடுங்கள்.