வால்வுப் பெட்டிக்கு முதன்முதலாய் மின்சாரம்



நம் பகுதித் திருமண வீடுகளில் ஒரு காலத்தில் பாடிய ஆம்ப்ளிபையர்களை நினைவுகூரத்தக்க பெரியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். சுவிட்சைத் தட்டியவுடன் அவை பேசமாட்டா. அரை நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும். உள்ளிருக்கும் கண்ணாடி வால்வுகள் மெல்லச் செம்மஞ்சளாய் ஒளிர்ந்து, சூடேறி, அதன் பின்னரே பந்தலுக்கு மேலே மூங்கிலில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் நாகூர் ஈ.எம். ஹனிபா (1925–2015) அவர்களின் கம்பீரக் குரல் எழும். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. வால்வுப் பெட்டிகள் ஒவ்வொன்றாய்க் காயலான் கடைக்குப் போயின.

போனவை இப்போது வேறொரு வாசல் வழியே வீட்டுக்குள் திரும்பியிருக்கின்றன. மின்கிட்டார் வாசிக்கும் இளைஞர்கள் வால்வைத் தேடுகின்றனர். அளவுக்கு மீறி முடுக்கும்போது டிரான்சிஸ்டர் ஒலியைச் சட்டென்று வெட்டிவிடும்; வால்வோ சிறிது சிறிதாகக் கரகரத்து வளைந்துகொடுக்கும். அந்த வளைவே அவர்களுக்கு இனிமை. 1962-ஆம் ஆண்டில் இலண்டனில் டிரம் கடை நடத்திவந்த ஜிம் மார்ஷல், அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் பாஸ்மேன் என்னும் பெட்டியை முன்மாதிரியாகக் கொண்டு தம் கடையிலேயே ஆம்ப்ளிபையர் செய்யத் தொடங்கினார். அதே வழியில் உலகெங்கும் பலர் இன்று தங்கள் வீட்டு மேசையில் இப்பெட்டிகளைக் கட்டுகின்றனர். வால்வுகளோ ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வருகின்றன.

தரங்கம்பாடியில் என் தங்கை மகனும் ஒன்று கட்டினான். பொறியியல் படிக்கும் பிள்ளை. இரண்டு இ.எல்.34 வால்வுகள், மூன்று இ.சி.சி.83 வால்வுகள் கொண்ட சுற்று. இசைக்கருவி குறித்து நம் வீடுகளில் இருவேறு கருத்துகள் உண்டு என்பதை நானறிவேன். அந்த வழக்கை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஒலிபெருக்கி நிலையமொன்றில் பல்லாண்டுகள் வால்வுப் பெட்டிகளோடு பழகியவன் என்பதால், "நானா, நீங்கள் அருகில் இல்லாமல் அவன் சுவிட்சைப் போடக்கூடாது" என்று தங்கை ஆளனுப்பினாள். போனேன். அன்று மாலையில் செய்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன் நாளை இதே பெட்டியோடு வந்து நிற்கலாம்.

முதலில் அச்சம் கொள்ளவேண்டிய இடம் எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இப்பெட்டியின் டிரான்ஸ்பார்மர் நடுமுனையிலிருந்து இருபுறமும் 300 வோல்ட் தருவது. டயோடுகள் அதை நேர்மின்னாக்கி, கண்டன்சர்கள் சேர்த்துவைக்கும்போது அது 424 வோல்ட் ஆகிவிடும். சுவிட்சை அணைத்த பின்னரும், பிளக்கையே பிடுங்கிய பின்னரும், அந்த மின்சாரம் கண்டன்சருக்குள் ஓசையின்றிக் காத்திருக்கும். ஆகவே கண்டன்சருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாய் இணைத்துவிட வேண்டும். 50 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒரு நிமிடத்திற்குள் 3 வோல்ட்டுக்கும் கீழே வடிந்துவிடும். அப்போதும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் விரல் வைக்கலாகாது. ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பொறி பறக்கவிடுவது ஆண்பிள்ளைத்தனம் என்று கருதும் மெக்கானிக்குகளை நான் கண்டிருக்கிறேன். அது கண்டன்சருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு.

இரண்டாவது அச்சம் இன்னும் பெரிது. மின்கிட்டாரின் கம்பிகள் பெட்டியின் இரும்புச் சேசிஸோடு இணைந்தவை. சேசிஸ் எதுவோ அதுவே வாசிப்பவன் விரல்கள். 1972-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரிட்டனின் ஸ்வான்சீ நகர மேடையில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். 1976-இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் தம் வீட்டிலேயே மின்கிட்டார் வாசிக்கையில் மின்தாக்கி மாண்டார். பழகிய கைகளுக்கே அந்நிலை என்றால், மூன்று ஓட்டை பிளக்கில் மூன்றாவது ஓட்டைக்குக் கம்பியே இழுக்காத பழைய வீடுகளை என்னென்பது?

எனவே பெட்டியைத் திறக்கும் முன் நாங்கள் பார்த்தது வீட்டின் எர்த் குழியைத்தான். கடற்கரை மணல் மழைக்காலத்தில் நன்றாய் மின் கடத்தும். கோடையில் காய்ந்து கைவிட்டுவிடும். கரியும் உப்பும் இட்டுக் குழியைப் புதுப்பித்தோம். தண்ணீர் ஊற்றினோம். பிளக்கின் எர்த் முனைக்கும் சேசிஸுக்கும் இடையே மீட்டர் ஏறக்குறைய சுழி ஓம் காட்டிய பின்னரே மருமகனைப் பெட்டியின் முன் அமரவிட்டேன்.

வால்வுகள் அனைத்தையும் கழற்றச் சொன்னேன். அவனுக்கு ஏமாற்றம். "வால்வு இல்லாமல் என்ன தெரியும், மாமா?" என்றான். ஒரு நேரத்தில் ஒரே வினாதான் கேட்கவேண்டும், தம்பி, என்றேன். எல்லாவற்றையும் செருகிச் சுவிட்சைப் போட்டுப் புகை வந்தால், புகை எதற்கும் விடை சொல்லாது.

முதல் வினாவைக் கேட்பதற்குரிய கருவி நூறு வாட் குண்டு பல்பு. எலெக்ட்ரீஷியன்கள் சீரீஸ் லேம்ப் என்பார்கள். மின்சாரம் பல்பைக் கடந்தே பெட்டிக்குப் போகுமாறு இணைப்பது. குளிர்ந்த இழைக்குத் தடை குறைவு. பெட்டி சிறிதளவே மின்சாரம் கேட்டால் பல்பு குறுக்கே நிற்காது. உள்ளே எங்கேனும் ஷார்ட் இருந்தாலோ இழை சூடாகித் தடை பலமடங்கு உயர்ந்து, பல்பு பளிச்சென்று எரிந்து, டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றிவிடும். இன்று கடைகளில் கிடைக்கும் எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. அதற்கு இழையே கிடையாது. குண்டு பல்பு ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்கே எங்களுக்கு ஒரு காலைப்பொழுது பிடித்தது.

பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுவிட்சைப் போட்டான். பல்பு ஒரு கணம் மின்னி, உடனே மங்கிற்று. கண்டன்சர்கள் நிரம்பியதற்கு அந்த மின்னலே சாட்சி. மங்காமல் எரிந்திருந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்திருக்கும். இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலக்கையால் மட்டும் மீட்டர் முனையைத் தொட்டு அளந்தான். இரு கைகளும் பெட்டிக்குள் இருந்தால் மின்சாரம் நெஞ்சின் குறுக்கே பாய வழியுண்டு. நேர்மின் 420-ஐ ஒட்டி இருந்தது. பயாஸ் என்னும் எதிர்மின்னை அதன் கட்டுப்பாட்டுக் குமிழின் எல்லைவரை திருப்பி வைத்திருந்தோம், இ.எல்.34 வால்வுகளின் 5-ஆவது காலில் அது -50 அளவில் இருக்கவேண்டும். ஒரு சாக்கெட்டில் -48. மற்றதையும் அளந்துவிட்டான் என்றே எண்ணினேன்.  விளைவைக் கீழே காண்பீர்கள்.

பின்னர் மூன்று சிறிய வால்வுகள். அவை ஒளிர்ந்தன. அதன் பிறகு ஸ்பீக்கரை இணைத்துவிட்டு இ.எல்.34 இரண்டையும் செருகினோம். ஸ்பீக்கர் இல்லாமல் இப்பெட்டியை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் சுருளுக்குள்ளேயே மின்பொறி பாய்ந்து அது பாழாகும். பல்பை விலக்கி, ஃபியூஸ் வழியே நேர் மின்சாரம் கொடுத்தோம். விளக்கை அணைத்துவிட்டு வால்வுகளையே பார்த்திருந்தோம். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. இடப்புற வால்வு அமைதியாயிருந்தது. வலப்புற வால்வின் சாம்பல் நிறத் தகட்டில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி விரிந்தது. இழை சிவப்பது இயற்கை. தகடு சிவப்பது ஆபத்து. "அணை" என்றேன்.

ஒவ்வொரு வால்வின் கேதோடுக்கும் சேசிஸுக்கும் இடையே 1 ஓம் ரெசிஸ்டர் வைத்திருந்தான். பாராட்டத்தக்க செயல்! அங்கே தெரியும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லியாம்பியர். இடப்புறம் 17, வலப்புறமோ 80-ஐத் தாண்டியிருந்தது.

வால்வே கெட்டதா, அல்லது அதற்கு வருவது கெட்டதா? இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போகும் பொருளைக் குறைசொல்லும் முன் விசாரிக்க வேண்டாமா? கண்டன்சர் வடிந்தபின் இரு வால்வுகளையும் இடம் மாற்றிச் செருகினோம். சில நொடிகளே மின்சாரம் தந்தோம். சிவப்பு மறுபடியும் வலப்புறத்திலேயே தோன்றியது. வால்வு நிரபராதி. இருவரையும் கழற்றிவிட்டு, சிறிய வால்வுகளை மட்டும் ஓடவிட்டு 5-ஆவது கால்களை அளந்தோம். இடப்புறம் -48. வலப்புறம் -29.

இவ்விரண்டு எண்களில் முழுக்கதையும் அடங்கியிருக்கிறது. முந்தைய வால்வின் தகட்டில் இருநூறுக்கு மேற்பட்ட நேர்மின் உண்டு. அதைத் தடுத்து ஒலியை மட்டும் கடத்துவது இடையிலுள்ள 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சரின் பணி. வலப்புறத்துக் கண்டன்சர் பழைய வானொலியிலிருந்து கழற்றிய, காகிதம் சுற்றிய வகை. கடற்காற்றின் ஈரம் குடித்த காகிதம் நேர்மின்னையும் கொஞ்சம் கசியவிட்டது. கசிவு 19 வோல்ட் அளவே. ஆனால் வால்வை அடக்கி வைக்கும் கடிவாளமே அந்த எதிர்மின்தான். சிறிய வால்வுகள் இல்லாதபோதே வலப்புறச் சாக்கெட்டையும் அளந்திருந்தால் குறை அப்போதே தெரிந்திருக்கும். புதிய பாலியெஸ்டர் கண்டன்சர்கள் இரண்டை, பழுதில்லாத பக்கத்துக்கும் சேர்த்தே, மாற்றினோம். இருபுறமும் -48.

இனி பயாஸ். இ.எல்.34-இன் தகடு தாங்கும் உச்சவரம்பு 25 வாட்; அதில் எழுபது விழுக்காடு போதும். 420 வோல்ட்டுக்கு 40 மில்லியாம்பியரை ஒட்டி நிறுத்தினோம்.

அடுத்து, ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கி வரும் ஃபீட்பேக் கம்பி. அதை அதுவரை வேண்டுமென்றே இணைக்காமல் வைத்திருந்தோம். இணைத்ததும் பெட்டி ஊளையிட்டது. தங்கை அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். இதில் திகைக்க ஒன்றுமில்லை. வயல் பம்புசெட் மோட்டார்களுக்குச் சுருள் கட்டும் பட்டறையொன்றில் சுற்றிவாங்கிய அவுட்புட் டிரான்ஸ்பார்மர் அது. இரு முனைகளும் ஒரே நிறக் கம்பி. எது எந்த வால்வுக்கு என்பதில் பாதிக்குப் பாதி வாய்ப்பு. திரும்பிவரும் ஒலி தணிப்பதற்குப் பதில் தூண்டிவிட்டால் ஊளைதான். அணைத்து, வடியவிட்டு, தகடுகளுக்குச் செல்லும் இரு கம்பிகளையும் இடம் மாற்றினோம். ஊளை நின்றது.

மிஞ்சியது மெல்லிய ரீங்காரம். காது கொடுத்துக் கேளுங்கள்: நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸிலேயே ஆழ்ந்து முனகினால் இழைக்கம்பிகளிலோ எர்த் இணைப்பிலோ குறை, ஒரு ஸ்தாயி மேலே 100 ஹெர்ட்ஸில் சற்றுக் கரகரத்தால் கண்டன்சர் வடிகட்டலில் குறை. எங்களுடையது முதல்வகை. இழைக்குச் செல்லும் இரு கம்பிகளையும் இறுக்க முறுக்கி, சேசிஸின் மூலையோடு ஒதுக்கியதும் காதைப் பெட்டியில் வைத்தால்தான் கேட்டது.

அரைமணி நேரம் சூடேறிய பிறகு பயாஸை மீண்டும் அளந்தோம். 43-க்கு ஏறியிருந்தது, 40-க்கு இறக்கினோம். அதன்பின்னரே கிட்டாரைச் செருகினான். எனக்கு அவ்வொலியில் அதிகம் விளங்கவில்லை. பழைய பெட்டிகளின் வெதுவெதுப்பான சூட்டு வாசனை மட்டும் விளங்கிற்று.

எர்த் குழிக்குக் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அதைத் தங்கையே ஊற்றுகிறாள், மகனிடம் விட்டுவைக்கவில்லை.