தூங்கியவரின் வழக்கு

இரக்கம் கேட்டு வாதாடுவது எனக்குப் பிடிக்காது. கோவையில் தொழிலாளர் தரப்பில் வழக்காடும் எனக்குக் கைவந்தது நிர்வாகம் நடத்தும் உள்விசாரணையை உடைப்பதுதான். குறுக்கு விசாரணைக்கு வாய்ப்பு கொடுத்தார்களா, ஆவண நகல் தந்தார்களா என்று துருவித் துருவி, விசாரணையே செல்லாது என்று நீதிமன்றத்தைச் சொல்ல வைப்பதில் தனி சுகம் உண்டு. வீட்டுக் கஷ்டத்தைப் பேசத் தொடங்கினாலோ, கட்சிக்காரரைக் கையேந்த வைப்பதுபோல எனக்கே கூசும்.

ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் வழக்கில் இந்த வித்தை பலிக்கவில்லை. நைட் ஷிஃப்டில் ரிங் ஃபிரேம் ஓடிக்கொண்டிருக்க, ஓரமாகப் படுத்துத் தூங்கிவிட்டார். சூப்பர்வைசர் நேரில் பார்த்துவிட்டார். சார்ஜ் மெமோவுக்கு இவர் கொடுத்த பதில் ஒரே வரி: அசதியில் கண்ணயர்ந்துவிட்டேன், மன்னிக்கவும். விசாரணையில் ஓட்டை எதுவும் இல்லை. டிஸ்மிஸ்.

அவர் மனைவிக்கு டயாலிசிஸ் நடப்பதே அவருடைய அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பகலில் ஆஸ்பத்திரி, இரவில் மில். ஏன் பதிலில் எழுதவில்லை என்று கேட்டேன்.

“ஐயோ பாவம்னு பாத்துக் குடுக்கற வேலை எதுக்குங்க சார்? தப்பு தப்புதானுங்களே.”

என்னுடைய கூச்சமேதான், வேறு குரலில். ஆனால் சட்டத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. தண்டிக்கும் முன் குற்றத்தின் கடுமை, முந்தைய பணிப்பதிவு, குற்றத்தைத் தணிக்கும் சூழ்நிலை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றன அப்போதைய மாதிரி நிலையாணைகள். தொழில் தகராறுகள் சட்டத்தில் 1971இல் சேர்த்த 11ஏ பிரிவோ, குற்றம் நிரூபணமான பிறகும் தண்டனையைக் குறைக்கத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. நாங்கள் இருவரும் பிச்சை என்று நினைத்ததற்குப் பிரிவு எண்ணே இருந்தது.

ஆஸ்பத்திரிச் சீட்டுகளைச் சான்றாவணமாகத் தாக்கல் செய்தேன். டிஸ்மிஸ் ஆன பிறகு ஜோடித்த கதை என்றார் நிர்வாகத்தின் வக்கீல். சீட்டுகளில் இருந்த தேதிகள் அதை முறியடித்தன. அடுத்து பாரத் ஃபோர்ஜ் தீர்ப்பை எடுத்தார். வேலை நேரத்தில் தூங்கிய தொழிலாளியின் பணிநீக்கத்தை உச்ச நீதிமன்றம் 2005இல் உறுதிசெய்த வழக்கு அது. அந்தத் தொழிலாளி ஏற்கெனவே மூன்று முறை தூங்கிப் பிடிபட்டவர். எங்கள் ஆளின் பதிவில் ஓர் எச்சரிக்கைக் கடிதம்கூட இல்லை. நான் 1982ஆம் ஆண்டின் ராமகாந்த் மிஸ்ரா தீர்ப்பைக் காட்டினேன். கெட்ட வார்த்தை பேசியதற்காக வேலை இழந்தவருக்கு, இன்கிரிமென்ட் வெட்டு போதும் என்று உச்ச நீதிமன்றம் தண்டனையைக் குறைத்திருந்தது.

“பக்கத்து ஃபிரேமில் நின்றவர் வீட்டிலும் நோயாளி இருந்திருக்கலாம். அவர் தூங்கவில்லையே?” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் இன்றும் முழுப் பதில் இல்லை. வாய்விட்டுச் சொன்னவருக்கு மட்டும் இரக்கம் கிடைக்கிறது என்ற உறுத்தலும் இருக்கிறது. அதனால்தான் இப்போதெல்லாம் மெமோவோடு வருகிறவரிடம், பதில் எழுதும் முன்பே, வீட்டில் யாருக்கு என்ன என்று கேட்டுவிடுகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள்.

பணித் தொடர்ச்சியோடு மீண்டும் வேலை, வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான பின்சம்பளம் கிடையாது என்று தீர்ப்பானது. பின்சம்பளத்துக்காக ஐகோர்ட்டில் ரிட் போடலாம் என்றேன்.

“தூங்குனதுக்கு ஏதாச்சும் பிடிக்கணுமில்லைங்களா” என்று சொல்லி, அவர் வக்காலத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.