ஒரே பாட்டு... எத்தனை எத்தனை படங்கள்!



மலருக்கு என்ன எழுதலாம் என்று கேட்டபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காதல் கவிதை எழுது என்றான் ஒருவன். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுது என்றான் இன்னொருவன். நான் எழுத வந்திருப்பதோ ஒரு குழந்தைப் பாட்டைப் பற்றி. அதுவும் நம்ம ஊர்ப் பாட்டு இல்லை, அமெரிக்கப் பாட்டு. "டிப்ளமோ படிக்கிறவனுக்கு இது எதுக்கப்பா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அச்சுத் தொழில்நுட்பம் படிக்கிற எனக்கு, என் பாடப் புத்தகத்தில் பாதியை இந்த ஒரு பாட்டே நடத்திக் காட்டியது.

பாட்டின் பெயர் 'செயின்ட் நிக்கோலஸின் வருகை'. 1823 டிசம்பர் 23 அன்று, நியூயார்க் மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரின் 'ட்ராய் சென்டினல்' பத்திரிகையில் வந்தது. எழுதியவர் பெயரே போடவில்லை. மொத்தம் 56 வரிகள். கதை ரொம்பச் சின்னது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. வீடே தூங்குகிறது. வெளியே சத்தம் கேட்டு அப்பா எழுந்து ஜன்னலுக்குப் போகிறார். எட்டு பனிமான்கள் பூட்டிய சறுக்கு வண்டியில் கிறிஸ்துமஸ் தாத்தா வருகிறார், புகைபோக்கி வழியாக இறங்குகிறார், குழந்தைகளின் காலுறைகளில் பொம்மைகளைப் போட்டு நிரப்புகிறார், வந்த வழியே போய்விடுகிறார். அவ்வளவுதான்!

1844-ல் கிளமென்ட் கிளார்க் மூர் என்ற பேராசிரியர் தன்னுடைய கவிதைத் தொகுப்பில் இதைச் சேர்த்துக்கொண்டார். ஹென்றி லிவிங்ஸ்டன் என்பவர்தான் உண்மையில் எழுதினார் என்று அவர் வம்சத்தார் சொல்ல, அந்த வழக்கு இன்றும் தீரவில்லை. அது ஆராய்ச்சியாளர்கள் பாடு. நமக்கு வேண்டியது வேறு.

இந்தப் பாட்டு இன்று யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஆனால் வரிகள் எல்லாருக்கும் அதே வரிகள். அப்படியானால் என் புத்தகத்தை ஏன் வாங்க வேண்டும்? படம் புதுசாக இருக்க வேண்டும், அச்சு புதுசாக இருக்க வேண்டும்! அதனால் ஒவ்வொரு தலைமுறை ஓவியருக்கும், ஒவ்வொரு புது அச்சு முறைக்கும் இந்தப் பாட்டு ஒரு கேள்வித்தாளாக ஆகிவிட்டது. கேள்வித்தாள் ஒன்றே ஒன்று. விடைத்தாள்கள்தான் வேறு வேறு.

படங்களோடு முதன்முதலில் தனிப் புத்தகமாக வந்தது 1848-ல், நியூயார்க்கில். படம் தியடோர் பாய்ட். எல்லாம் மரச்செதுக்குப் படங்கள். கெட்டியான மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் செதுக்குவார்கள். கட்டையின் உயரமும் ஈய எழுத்தின் உயரமும் ஒன்றாக இருப்பதால், மேட்டரையும் படத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே இழுப்பில் அடிக்கலாம். செதுக்கி எடுத்த இடம் மையைத் தொடாது, வெள்ளையாக நிற்கும். மிச்ச இடம் கறுப்பு. யோசித்துப் பாருங்கள்... கறுப்பு இரவு, வெள்ளைப் பனி! இந்தப் பாட்டுக்கென்றே கண்டுபிடித்த முறை மாதிரி இல்லை? 1862-ல் பெலிக்ஸ் டார்லி என்ற பெயர்பெற்ற ஓவியரும் இதற்குப் படம் போட்டார்.

அப்புறம் வண்ணம் வந்தது. நியூயார்க்கின் மெக்லாலின் பிரதர்ஸ் கம்பெனி ஆரம்பத்தில் அச்சான படங்களுக்குக் கையாலேயே வண்ணம் பூசியது. ஒரு ஆள் சிவப்பு பூசித் தள்ளிவிட்டால் அடுத்த ஆள் நீலம். பின்னால் கலர் லித்தோ வந்தது. வண்ணத்துக்கு ஒரு கல், ஒன்றின் மேல் ஒன்று அச்சு. ரெஜிஸ்டர் ஒரு நூல் தப்பினால் தாத்தாவுக்கு இரண்டு மூக்கு! லேபில் நாம் படுகிற பாடுதான்.

1902-ல் டபிள்யூ.டபிள்யூ. டென்ஸ்லோ வரைந்தார். 'ஓஸ் மந்திரவாதி' கதைக்கு 1900-ல் படம் போட்ட அதே டென்ஸ்லோ. 1912-ல் ஜெஸ்ஸி வில்காக்ஸ் ஸ்மித், குழந்தைகளை வரைவதில் கைதேர்ந்த பெண் ஓவியர். 1931-ல் இங்கிலாந்தின் ஆர்தர் ராக்கம். 1949-ல் கொரின் மால்வெர்ன் படங்களோடு லிட்டில் கோல்டன் புக் வரிசையில் வந்தது. இந்த வரிசை 1942-ல் 25 சென்ட் விலையில் ஆரம்பித்தது. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கும் கலர் புத்தகம் என்றால் சும்மாவா?

இந்த வரிசையில் என் மனசில் உட்கார்ந்துகொண்டவர் ஒரு பாட்டி. 'கிராண்ட்மா மோசஸ்' என்று உலகமே அழைத்த அன்னா மேரி மோசஸ். 1860-ல் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே அடுத்தவர் வீட்டு வேலைக்குப் போனவர். வாழ்நாளெல்லாம் பண்ணை வேலை. முடக்குவாதத்தில் விரல் மடங்கி ஊசி பிடிக்க முடியாமல் போனதும், எம்பிராய்டரியை விட்டுத் தூரிகையை எடுத்தார். அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது! இந்தப் பாட்டுக்கு அவர் படம் வரைந்தபோது வயது நூறு. 1961 டிசம்பரில் 101 வயதில் காலமானார். புத்தகம் 1962-ல்தான் வந்தது. ஓவியப் பள்ளிக்கூடம் ஏறாத கை, பேராசிரியரின் பாட்டுக்கு விடை எழுதியிருக்கிறது!

"நீ இதையெல்லாம் எங்கேப்பா பார்த்தே?" என்று கேட்பீர்கள். பழைய பதிப்புகள் காப்புரிமை முடிந்தவை. டென்ஸ்லோவும் ஸ்மித்தும் வரைந்த புத்தகங்கள் முழுசாக இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடக்கின்றன. நம் நூலகக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். கையில் ஒரு பிரதியும் இருக்கிறது. நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் இருபது ரூபாய்க்கு வாங்கியது. அட்டை கிழிந்து, யார் வரைந்தது என்ற விவரமே இல்லாத பிரதி.

அதை ஒரு லீவில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா அச்சாபீஸில் மெஷின் ஹெல்ப்பர். அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. கைநாட்டுதான். புத்தகத்தை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பக்கம் வந்ததும் அம்மாவே கதையைச் சொன்னார்கள். "ராத்திரி எல்லாரும் தூங்குறாக. இந்தத் தாத்தா திருட்டுத்தனமா வந்து, திருடாம, வச்சிட்டுப் போறாரு. அப்பங்காரன் மட்டும் பார்த்துட்டான்." நண்பர்களே, 56 வரிகளும் அதற்குள் அடக்கம்!

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்கள் பாருங்கள். "ஏய்யா, இம்புட்டுப் பெரிய ஆளு இந்த ஓட்டைக்குள்ள எப்படிய்யா நுழைஞ்சாரு?"

நான் வரிகளைத் தேடினேன். பாட்டில் தாத்தா பெரிய ஆளே இல்லை! குட்டி வண்டி, குட்டி மான்கள், அவரும் குறளி மாதிரி ஒரு குள்ள ஆள். அதனால்தான் புகைபோக்கியில் இறங்க முடிந்தது. என் பிரதியின் ஓவியரும் இன்னும் பலரும் அவரை ஆறடி ஆளாக்கிவிட்டார்கள். அங்கி சிவப்பு என்றும் பாட்டில் இல்லை. தலை முதல் கால் வரை கரி படிந்த கம்பளி ரோம உடை என்பதோடு சரி. 1931 முதல் ஹாடன் சண்ட்ப்ளோம் கோகோ-கோலா விளம்பரங்களுக்கு வரைந்ததால்தான் சிவப்பு வந்தது என்று பலர் சொல்வார்கள். அதற்கு முன்பே சிவப்பு அங்கித் தாத்தாக்கள் அச்சாகிவிட்டார்கள். சண்ட்ப்ளோமே இந்தப் பாட்டைப் பார்த்துத்தான் தாத்தாவின் முகத்தைப் பிடித்தார்.

ஆக, உலகம் கண்ணை மூடினால் தெரிகிற அந்தத் தாத்தா பாதி எழுத்தில் பிறந்தவர், பாதி படத்தில் பிறந்தவர். எழுத்துக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு பொருத்தமின்மை இருப்பதை, எழுத்தே தெரியாத என் அம்மா படத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள். இதற்குப் பெயர் படிப்பு இல்லையா? "படம் பார்க்கிறவன் படிக்க மாட்டான்" என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் என் பதில்.

நம் தொழிலுக்கு வருகிறேன். 32 பக்கக் குழந்தைப் புத்தகம் என்று ஏன் சொல்கிறோம்? ஒரு தாளை நாலு முறை மடித்தால் 32 பக்கம். இனி கணக்குப் போடுங்கள். 56 வரிகளை நாலு நாலாகப் பிரித்தால் 14. எதிரெதிர் பக்கங்கள் சேர்ந்த விரிப்பு ஒன்றுக்கு நாலு வரி என்றால் 14 விரிப்பு, அதாவது 28 பக்கம். மிச்சம் நாலு பக்கம். தலைப்புக்கு, பதிப்பு விவரத்துக்கு, சமர்ப்பணத்துக்கு, கடைசிப் பக்கத்துக்கு. கச்சிதம்! வெளியே சத்தம் கேட்கிற வரியில் பக்கத்தை முடித்து, திருப்பினால் வண்டி தெரிகிற மாதிரி வைத்தால் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த மூச்சை வாங்குவது லே-அவுட். பனிக்கு நாம் மை போடுவதில்லை, விட்டுவைத்த வெறும் தாள்தான் பனி. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் புத்தகம் செய்ய முடியுமா?

இன்றுவரை விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன. 1980-ல் டோமி டி பாவ்லா. 1998-ல் ஜான் பிரெட். 2002-ல் ராபர்ட் சபுடா, பக்கத்தைத் திறந்தால் காகிதம் தானே எழுந்து நிற்கும்படி செய்தார். 2009-ல் ரேச்சல் இசடோரா கதையை ஆப்பிரிக்காவுக்கே கொண்டுபோய்விட்டார். அதே வரிகள், முகங்கள் மட்டும் வேறு. எந்தக் குழந்தையும் "இது என் வீடு" என்று சொல்ல முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. 2012-ல் கனடாவில் பமீலா மக்கால் தாத்தாவின் புகைக்குழாயையே பாட்டிலிருந்து எடுத்துவிட்டார். பெரிய சர்ச்சை ஆனது. என்னைக் கேட்டால், பழைய வரியில் கை வைக்க வேண்டாம். படத்தில் எதைக் காட்டலாம், எதை விடலாம் என்ற சுதந்திரம் ஓவியருக்கு எப்போதும் இருந்தே இருக்கிறது.

"அச்சாபீஸ் வேலைக்கு டிப்ளமோ எதுக்கு? உங்கப்பன் படிச்சா மெஷின் ஓட்டுறான்?" என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். அப்பா பதில் பேசவில்லை. நான் இங்கே சொல்கிறேன். இருநூறு வருஷம் ஒரு பாட்டை உயிரோடு வைத்திருந்தது எழுதியவர் மட்டும் இல்லை. கட்டையைச் செதுக்கியவர், கல்லில் வரைந்தவர், கையால் வண்ணம் பூசியவர், மெஷினுக்குத் தாள் கொடுத்தவர், எல்லாரும்தான். அவர்களில் பாதிப் பேருக்கு எந்தப் பக்கத்திலும் பெயர் இல்லை. எழுத்து தெரியாத வீட்டுக்குள் புத்தகம் நுழைய வாசல் திறந்துவிட்டவர்கள் அவர்கள். அந்த வேலையை அரைகுறையாகச் செய்யக் கூடாது என்பதற்குத்தான் படிப்பு!

நண்பர்களே! இனி ஒரு குழந்தைப் புத்தகம் கையில் கிடைத்தால் கதையோடு மூடிவிடாதீர்கள். வரைந்தவர் யார், அச்சிட்டவர் யார் என்று ஒரு நிமிஷம் தேடிப் பாருங்கள். பெயர் இருந்தால் வாய்விட்டுப் படியுங்கள். நாளைக்கு நாம் புத்தகம் செய்யும்போது அந்தப் பெயர்கள் விடுபடாமல் பார்த்துக்கொள்வோம்!

– இரண்டாம் ஆண்டு, அச்சுத் தொழில்நுட்பப் பிரிவு