எதனை முதலில் ஆராய்வது?

சென்ற கோடை விடுமுறையில் யாம் குன்னூரை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில், எம் அத்தையார் இல்லத்தில் மூன்று வாரம் தங்கியிருந்தோம். அவர் இளமை முதல் கொழுந்து பறித்து வாழ்பவர். மார்பில் தோன்றிய கட்டியொன்றை எவரிடமும் உரையாது பத்து மாதம் மறைத்து, வலி பொறுக்கவியலாத பின்னரே மலையிறங்கிக் கோயம்புத்தூர் சென்று, அது புற்றுநோயென அறிந்தவர். அறுவை முடிந்து அவர் மருந்து கொண்டுவந்த அந்நாட்களில், அவர் கட்டிலருகே அமர்ந்து ஒரு கட்டுரையைப் படித்தோம்.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையைச் சார்ந்த பிரமேஷ் முதலிய பல நாட்டு நிபுணர் கூடி 2022-ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. புற்றுநோய் ஆராய்ச்சியிற் பெரும்பகுதி செல்வ நாடுகளிலேயே நிகழ்கின்றது. ஏனைய நாடுகளுக்கு வேண்டுவன வேறு என்பது அவர்தம் துணிபு. ஆகவே ஆராய்ச்சிக்குரிய ஐந்து பொருள்களை அவர்கள் வகுத்தனர். நோய் முற்றியபின் வருவோர் தொகையைக் குறைத்தல் முதலாவது. சிகிச்சை எளியோர்க்கும் எட்டுமாறு செய்தல், செலவுக்கேற்ற பயன் காணல், அறிந்த முறைகளைச் செவ்வையாக நடைமுறைப்படுத்தல், புதிய கருவிகளைத் துணைக்கொள்ளல் என்பன ஏனைய நான்கு.

பொருள் சிறிது, வினாக்கள் பல. ஆதலின் அறிஞர்தம் ஒருமித்த கருத்தை நாடுதல் இன்றியமையாததே. டெல்ஃபி என்னும் முறையில் நிபுணர் ஒவ்வொருவரும் தனித்தனியே வினாக்களுக்கு மதிப்பெண் இடுவர்; பிறர் பெயரறியாது தொகுப்பை மட்டும் கண்டு, மீண்டும் எண்ணி விடையிறுப்பர். பெரியோர் ஒருவர் கூறினாரென்று ஏனையோர் தலையசைக்கும் குறை இதனால் நீங்கும். எனினும், வினாத்தாள் எவர் கைக்குச் செல்லவில்லையோ அவர்தம் கருத்து அவ்வொருமையிற் சேராது.

தக்க வினாவின் பயனுக்குத் திண்டுக்கல் மாவட்டமே சான்று. கருப்பைவாய்ப் புற்றுநோயை, பயிற்சி பெற்ற செவிலியர் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணாற் பார்த்தே முன்னறியக்கூடுமோ என்று ஆங்கு ஆராய்ந்தனர். அச்சோதனைக்கு அழைக்கப்பெற்ற மகளிரிடை அந்நோயால் நேர்ந்த மரணம் 35 விழுக்காடு குறைந்ததென 2007-இல் முடிவு வெளியாயிற்று. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்கு வேண்டியிருந்ததில்லை.

இவற்றை அத்தையாருக்கு எடுத்துரைத்து, "டாக்டர்கள் எதை முதலில் ஆராய வேண்டும், அத்தை?" என்றோம். அவர் சிறிது நேரம் சன்னலுக்கு வெளியே நோக்கியிருந்தார்.

"பத்து மாசம் நான் எதுக்குப் பயந்தேன்னு யாராச்சும் கேட்டாங்களா, தம்பி? வலிக்குப் பயப்படல. கீழே போனா ஒரு நாள் கூலி போகும். கூட வர்றவங்களுக்கும் போகும். அதுக்கு ஒரு வழி இருக்கான்னு முதல்ல பார்க்கச் சொல்லு."

நிபுணர் முதலில் வைத்த பொருளும் அத்தையார் கூறியதும் ஒன்றே. ஆயின், நோய் முற்றும்வரை ஏன் வாராதிருக்கின்றனர் என்பதன் விடை அவர் போல்வாரிடமே உள்ளது. மருத்துவத்தின் நான்கு உறுப்புக்களை எண்ணிய வள்ளுவர், நோயுற்றவனையே முதலில் வைத்தார். மருத்துவனை அடுத்தே வைத்தார். தமிழ் வகுப்பில் அம்முறைவைப்பை யாம் மனனம் செய்தோமேயன்றி, அதன் காரணத்தை எண்ணினோமில்லை.

பிறரைக் குறைகூற எமக்குத் தகுதியில்லை. அப்பத்து மாதத்தில் யாமும் இருமுறை அவ்வில்லம் சென்றிருந்தோம். "நலமா, அத்தை?" என்றோம், "நலந்தான்" என்றார். அதற்குமேல் வினவாது தேநீர் அருந்தித் திரும்பினோம்.